கவுன்டி ஷெரிஃபின் ஜப்தி சேவை: காசு கட்டியவளின் ரெவ்யூ

போலீஸுக்கு யாராவது ரெவ்யூ எழுதுவார்களா என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். கவுன்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி, ஷெரிஃப் அதற்குத் தேர்தலில் ஜெயித்து வரும் காவல் அதிகாரி. கலிஃபோர்னியாவில் கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்தின் சிவில் பிரிவு முன்பணம் வாங்கிக்கொண்டு வேலை செய்யும் இடம். கவுன்ட்டர் உண்டு, கட்டணப் பட்டியல் உண்டு, ரசீது உண்டு. பல் டாக்டருக்கே நட்சத்திரம் போடுகிறோம், சட்டையில் நட்சத்திரம் குத்திக்கொண்டு வருபவர்களுக்குப் போடக் கூடாதா? இரண்டு கவுன்டிகளில் பணம் கட்டியிருக்கிறேன். ஒன்றுக்கு ஐந்துக்கு நாலரை, இன்னொன்றுக்கு மூன்று. எந்தக் கவுன்டிகள் என்று சொல்லப்போவதில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள விரிகுடாப் பகுதி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதை சின்னதுதான். பக்கத்துக் கவுன்டியில் ஒரு ஃபர்னிச்சர் கடை. டைனிங் டேபிளும் சோபாவும் ஆர்டர் செய்து, முழுத் தொகைக்கும் செக் கொடுத்தோம். செக் உடனே பாஸ் ஆனது, சோபா வரவே இல்லை. அடுத்த வாரம், கப்பலில் இருக்கிறது, கிடங்கில் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லாத சாக்கு இல்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்குப் போனேன். தனி ஆள் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைத்துக்கொண்டு வாதாட முடியாது. ஜெயித்தேன். அப்பீல் செய்ய அவருக்கு 30 நாள் இருந்தது. செய்யவில்லை. பணமும் தரவில்லை.

இங்கே கோர்ட் தீர்ப்பு தரும், வசூல் செய்து தராது. இதை மாமியாரிடம் போனில் சொன்னபோது, "ஏம்மா, அந்த ஊர்ல அமீனாவே கிடையாதா?" என்று கேட்டார். அவ்வளவு சரியான கேள்வியை எந்த வக்கீலும் கேட்கவில்லை. நம் ஊரில் கோர்ட் அமீனா வந்து ஜப்தி செய்வாரே, அந்த வேலையை இங்கே செய்பவர் ஷெரிஃபின் டெபுட்டி. இடுப்பில் துப்பாக்கி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஷெரிஃப் என்றதும் குதிரையும் தொப்பியும் நினைவுக்கு வருபவர்கள் முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த அலுவலகத்தின் வேலையில் பெரும்பங்கு கவுன்டி ஜெயிலை நடத்துவது, கோர்ட்டுக்குக் காவல் நிற்பது, கோர்ட் தாள்களைக் கொண்டு போய்க் கொடுப்பது, தாளில் எழுதியிருப்பதை நடத்தி வைப்பது.

தாள் இல்லாமல் ஒன்றும் நடக்காது. தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கோர்ட் கிளார்க்கிடம் 40 டாலர் கட்டி, தீர்ப்பை நிறைவேற்றச் சொல்லும் ரிட் ஒன்று வாங்க வேண்டும். 180 நாளுக்குள் அதை வைத்து ஜப்தி நடக்க வேண்டும். ரிட்டில் 'இன்ன கவுன்டி ஷெரிஃபுக்கு' என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில்தான் ஷெரிஃபின் முழு எல்லையும் அடங்கியிருக்கிறது. சொத்து எந்தக் கவுன்டியில் இருக்கிறதோ அந்தக் கவுன்டிக்குத் தனி ரிட். ஒரே சமயத்தில் இரண்டு கவுன்டிகளுக்கு இரண்டு ரிட் வைத்துக்கொள்ளலாம். ஒரே கவுன்டிக்கு இரண்டாவது ரிட் வேண்டுமென்றால், முதலாவது திரும்பி வந்திருக்க வேண்டும், அல்லது 180 நாள் முடிந்திருக்க வேண்டும்.

எங்கள் கவுன்டி அலுவலகத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தவர் ஒரு வயதான அம்மாள். டெபுட்டி இல்லை, சாதாரண ஊழியர். பின்சுவரில் ஷெரிஃபின் படம், கொடி, ஒரு பழைய காலண்டர். என் தாள்களை வாங்கி, ஊதா நிறப் பேனாவால் கடையின் பெயரை எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தார். தீர்ப்பில் இருக்கும் பெயர், ரிட்டில் இருக்கும் பெயர், என் எழுத்துபூர்வ அறிவுறுத்தலில் இருக்கும் பெயர், மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். கடைவாசல் போர்டில் ஒரு பெயர் இருக்கும், கம்பெனியாகப் பதிந்த பெயர் வேறாக இருக்கும். போர்டுப் பெயரை நம்பி வழக்குப் போட்டவர்களை இந்த ஜன்னலிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம். என் வழக்கில் இரண்டு பெயரும் இருந்தன. "சரியாகச் செய்திருக்கிறீர்கள் மேடம்" என்றார். கல்லூரி நாட்களுக்குப் பிறகு யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

அப்புறம் அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: "அவருடைய பணம் எங்கே இருக்கிறது?" தெரியாது என்று சொன்னால் அவர்களும் கையை விரித்துவிடுவார்கள். ஷெரிஃப் துப்பறிய மாட்டார், சொத்து தேட மாட்டார், சமரசம் பேச மாட்டார். ஆளைக் கூப்பிட்டு மிரட்ட மாட்டார். எதை ஜப்தி செய்ய வேண்டும், எங்கே இருக்கிறது என்று நாம்தான் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். என்னிடம் பாஸ் ஆன செக்கின் பின்பக்க நகல் இருந்தது. எந்த பேங்கில் போட்டார் என்று அதில் தெரிந்தது. கிளைகள் அதிகம் உள்ள பேங்குகள் ஜப்தி உத்தரவை வாங்கிக்கொள்ள ஒரு தனி முகவரியைக் குறித்து வைத்திருக்க வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். அந்த முகவரி எங்கள் கவுன்டிக்குள் வந்தது. ஆகவே பேங்குக்கு எங்கள் ஷெரிஃப், கடைக்குப் பக்கத்துக் கவுன்டி ஷெரிஃப். இரண்டு ரிட்.

பேங்க் ஜப்தி மலிவு, சத்தமில்லாதது. உத்தரவு போய்ச் சேரும் நேரத்தில் கணக்கில் என்ன இருக்கிறதோ அதுதான் கிடைக்கும், மறுநாள் வருகிற பணம் அதில் சேராது. எனக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிக்கியது. பேங்க் பணத்தை ஷெரிஃபுக்கு அனுப்பி, ஷெரிஃப் கொஞ்ச நாள் வைத்திருந்து, பிறகுதான் நமக்கு செக் வரும். ஒரு மாதத்துக்கு மேல் பொறுமை வேண்டும். கடனாளி தனி ஆளாக இருந்தால், 'இந்தப் பணத்தில் கை வைக்க முடியாது' என்று விலக்குக் கேட்க அவருக்கு உரிமை உண்டு, அதற்கும் நாள் போகும். என் கடைக்காரர் கம்பெனி என்பதால் அந்தச் சிக்கல் இல்லை. எங்கள் அலுவலகத்தின் நாலரை நட்சத்திரம் முழுக்க அந்த ஊதாப் பேனாவுக்குத்தான். அரை நட்சத்திரம் குறைத்தது பார்க்கிங்குக்காக. ஜெயில் பார்வையாளர்கள் வரிசையும் அதே கட்டிடம், அதே வாசல். கைக்குழந்தையோடு காத்திருக்கும் பெண்களைத் தாண்டி, வசூலுக்காக உள்ளே போவது மனதுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

பக்கத்துக் கவுன்டி வேறு உலகம். சட்டம் ஒன்று, படிவம் ஒன்று, ஆனால் அங்கே போன் எடுப்பதே அதிசயம். எடுத்தாலும், "நாங்கள் சட்ட ஆலோசனை தர முடியாது" என்ற வாக்கியத்தை முறுக்கு பிழிகிற மாதிரி ஒரே அளவில் பிழிந்துகொண்டே இருந்தார்கள். நான் கேட்டது ஆலோசனை இல்லை. என் தாள் வந்து சேர்ந்ததா என்று மட்டும்தான் கேட்டேன்.

கடையில் வசூல் செய்ய இரண்டு வழி இருந்தன. ஒன்றுக்கு டில் டாப் என்று பெயர். டெபுட்டி கடைக்குள் போய் கல்லாவில் அந்த நேரம் இருக்கிற ரொக்கத்தையும் செக்கையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். இரண்டாவது கீப்பர். டெபுட்டி எட்டு மணி நேரம் கடையிலேயே இருப்பார். வியாபாரம் நடக்கும், வருகிற பணம் அவர் கைக்குப் போகும். கடைக்காரர் 'கீப்பர் வேண்டாம்' என்று மறுத்தால் சரக்கையே டெபுட்டி தன் வசம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். எல்லோரும் கார்டு தேய்க்கிற காலத்தில் ஃபர்னிச்சர் கடைக் கல்லாவில் என்ன இருக்கப்போகிறது? கீப்பரைத் தேர்ந்தெடுத்தேன். பேங்க் ஜப்திக்குக் கட்டியதைப் போல் பல மடங்கு முன்பணம், அதுவும் நூற்றுக்கணக்கில். ஆனால் இந்தக் கட்டணமும் கடனாளி தலையில்தான் ஏறும், வசூலாகும் தொகையில் சேர்த்துக்கொள்வார்கள். தீர்ப்புத் தொகைக்கு வருஷம் 10 சதவீதம் வட்டியும் ஓடிக்கொண்டிருந்தது. என் பழைய ஃபிக்ஸட் டெபாசிட்கூட இவ்வளவு உழைத்ததில்லை.

குறை என்னவென்றால், அந்த அலுவலகம் கீப்பரை வார நாளில் மட்டும்தான் அனுப்பியது. ஃபர்னிச்சர் கடைக்கு வியாபாரம் சனி, ஞாயிறு. புதன்கிழமை எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் மெத்தை தடவிப் பார்க்கிற நாலு பேரைத் தவிர யார் வருவார்கள்? எழுதிக் கேட்டும் பயனில்லை.

நடந்தது வேறு. அன்று நான் அங்கே இல்லை, இருக்க விடவும் மாட்டார்கள். மதியத்துக்கு முன்பே டெபுட்டி போன் செய்தார். கடை திறந்து கொஞ்ச நேரத்தில், மீதித் தொகை, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து பேங்கிலிருந்து கேஷியர்ஸ் செக் எடுத்து வந்து கொடுத்துவிட்டாராம் கடைக்காரர். சோபாவில் உட்கார்ந்து விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு தம்பதி, சீருடையில் ஒருவர் கல்லாப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவதைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்களாம். "எதற்கு வந்திருக்கிறேன் என்று யாரிடமும் நான் சொல்லவில்லை மேடம்" என்றார் டெபுட்டி. குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. சொல்லவே தேவையில்லை என்பதற்குத்தானே அவ்வளவு கட்டணம்.

இதைக் கேள்விப்பட்ட நண்பர்கள், அப்படியென்றால் ஷெரிஃபிடம் எதை வேண்டுமானாலும் கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. என் ரிட் கல்லாவரை போகும். அந்த ஆளின் வீட்டு வாசற்படியைத் தாண்ட அது போதாது, வேறு கோர்ட் உத்தரவு வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டைக் காலி செய்வதும் இதே சிவில் பிரிவுதான். தீர்ப்பு வந்து, அதற்கான ரிட் கொடுத்தால், ஐந்து நாள் நோட்டீஸை டெபுட்டி கதவில் ஒட்டுவார். பிறகு ஒரு நாள் வந்து வீட்டை உங்களிடம் ஒப்படைப்பார். அதற்கு முன்னால் நீங்களாகப் பூட்டை மாற்றினால் குற்றவாளி நீங்கள்தான். குடும்ப வன்முறைத் தடை உத்தரவைக் கொண்டு போய்க் கொடுக்க மட்டும் ஷெரிஃப் காசு வாங்க மாட்டார். அந்தத் தேவை உள்ளவர்கள் கட்டணத்தை நினைத்துத் தயங்க வேண்டாம்.

வீட்டில் திருட்டு என்றால் யார் வருவார்கள் என்பது நீங்கள் இருக்கும் ஊரைப் பொறுத்தது. எங்கள் விரிகுடாப் பகுதியில் ஃப்ரீமான்ட்டுக்குச் சொந்தப் போலீஸ் உண்டு. கூப்பர்டினோவுக்கும் சாரட்டோகாவுக்கும் கிடையாது, சான்டா கிளாரா கவுன்டி ஷெரிஃபோடு ஒப்பந்தம் போட்டுக் காவலை வாங்கிக்கொள்கிறார்கள். டப்ளினுக்கு அலமேடா கவுன்டி ஷெரிஃபோடு ஒப்பந்தம், அங்கே டப்ளின் போலீஸ் என்ற பெயரில் வேலை செய்பவர்கள் ஷெரிஃபின் டெபுட்டிகள். இந்த முறையை 1954இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து லேக்வுட் தொடங்கி வைத்தது. எந்த நகரத்துக்குள்ளும் சேராத பகுதி என்றால் ஷெரிஃப்தான் போலீஸ். சான் ஃபிரான்சிஸ்கோவில் நகரமும் கவுன்டியும் ஒன்று, ஆனாலும் போலீஸ் தனி, ஷெரிஃப் தனி. ஷெரிஃபுக்கு ஜெயிலும் கோர்ட்டும்.

குற்ற விஷயத்தில் எல்லை இவ்வளவு கறாராக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். தன் கவுன்டியில் நடந்த குற்றத்துக்காக மாநிலத்தின் எந்த மூலையிலும் டெபுட்டி கைது செய்யலாம். கண்ணெதிரே குற்றம் நடந்து உடனடி ஆபத்து இருந்தாலும் அப்படித்தான். துரத்திக்கொண்டு வந்தவர் கவுன்டி போர்டைப் பார்த்து பிரேக் போடுவது சினிமாவில் நடக்கலாம். கல்லாவில் இருக்கிற பணத்துக்குத்தான் தனித்தனி ரிட்.

இதை வேறு மாநிலத்தில் இருந்து படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டாலஸில் இருக்கும் என் சித்தி பையனுக்கு இதே போல் ஒரு தீர்ப்பு கையில் இருக்கிறது. அங்கே சின்ன வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டின் தாள்களைப் பெரும்பாலும் கான்ஸ்டபிள் கொண்டு போகிறார். அவரும் தேர்தலில் ஜெயித்து வருபவர், ஷெரிஃபுக்குக் கீழே இல்லை. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தைப் பிடிக்கவும் டெக்ஸஸ் விடாது. டெலவேரில் ஷெரிஃபுக்குக் கைது அதிகாரம் கிடையாது என்று போட்ட சட்டத்தை அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2013இல் உறுதிசெய்தது. கனெக்டிகட் 2000இல் கவுன்டி ஷெரிஃப் பதவியையே எடுத்துவிட்டு, தாள் கொடுக்கிற வேலையை மாநில மார்ஷல்களிடம் கொடுத்தது. அலாஸ்காவில் கவுன்டியே இல்லை. பதவிக்காலமும் அப்படித்தான்: பெரும்பாலான இடங்களில் நாலு வருஷம், நியூ ஹாம்ப்ஷயரில் இரண்டு, மாசசூசெட்ஸில் ஆறு.

சேவை பிடிக்கவில்லை என்றால் யாரிடம் புகார் செய்வது? அந்த மூன்று நட்சத்திர அலுவலகத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். நகரப் போலீஸ் தலைவருக்கு மேலே நகர நிர்வாகம் இருக்கிறது. ஷெரிஃபுக்கு மேலே வாக்காளர்கள்தான். கவுன்டியை நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு பட்ஜெட் போடலாம், ஷெரிஃபின் விசாரணைகளில் தலையிடக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. 2022இல் கலிஃபோர்னியாவில் ஜெயித்த ஷெரிஃப்களுக்கு இந்த முறை ஆறு வருஷம், ஏனென்றால் தேர்தலை 2028 ஜனாதிபதித் தேர்தல் வருஷத்தோடு சேர்த்துவிட்டார்கள். வாக்குச்சீட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வரும் நம்மவர்கள் அதிகம். குடியுரிமை வாங்கியவர்கள் அடுத்த முறையாவது நிரப்புங்கள். தேர்தல் இல்லாமல் நீக்குவது அபூர்வம், ஆனால் நடக்காதது இல்லை. துப்பாக்கி பெர்மிட்டில் சலுகை காட்டியது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளில் 2022இல் சான்டா கிளாரா கவுன்டி ஷெரிஃபுக்கு எதிராக ஜூரி தீர்ப்பளித்தது, அதற்குச் சில நாள் முன்பே அவர் விலகிவிட்டார். சான் மட்டேயோ கவுன்டியில் 2025 மார்ச்சில் மக்கள் வாக்களித்து, ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தை மேற்பார்வையாளர் குழுவுக்குக் கொடுத்தார்கள். அதே வருஷம் அக்டோபரில் குழு அதைப் பயன்படுத்தியது.

விசாவில் இருப்பவர்கள் இன்னொன்று கேட்கிறார்கள்: மத்திய அரசு சொன்னால் ஷெரிஃப் கேட்க வேண்டுமா? 1997இல் மொன்டானா, அரிசோனா ஷெரிஃப்கள் இருவர் துப்பாக்கிச் சட்டம் ஒன்றை எதிர்த்துப் போட்ட வழக்கில், மத்திய அரசு ஷெரிஃப்களை வேலை வாங்க முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. ஆனால் மாநிலம் சொல்லலாம். குடியேற்ற அதிகாரிகளோடு ஷெரிஃப்கள் எவ்வளவு ஒத்துழைக்கலாம் என்பதைக் கலிஃபோர்னியா 2017 சட்டத்தால் கட்டுப்படுத்தியது. டெக்ஸஸ் 2025இல் நேர்மாறாக, ஜெயில் நடத்தும் ஷெரிஃப்கள் அவர்களோடு ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் கொண்டு வந்தது.

கோர்ட் தாளை ஷெரிஃப் நிறைவேற்ற மறுத்ததும் உண்டு. 2008 அக்டோபரில் சிகாகோவை உள்ளடக்கிய குக் கவுன்டியின் ஷெரிஃப் டாம் டார்ட், பேங்க் கையகப்படுத்திய வீடுகளைக் காலி செய்யும் வேலையைச் சில நாட்கள் நிறுத்தி வைத்தார். வீட்டின் சொந்தக்காரர் கடன் கட்டாமல் விட்டதுகூடத் தெரியாமல், ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன. என் ரிட்டை யாராவது அப்படி நிறுத்தியிருந்தால் நான் ஆடியிருப்பேன். இருந்தாலும் அவர் செய்தது சரி என்றுதான் எனக்குப் படுகிறது.

என்னைப் போல் தீர்ப்பு வாங்கி டிராயரில் வைத்திருப்பவர்களுக்கு: செக்கில் பணம் கொடுங்கள், அதன் பின்பக்க நகலைப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனிப் பெயரை வழக்குப் போடும் முன்பே சரிபாருங்கள். சொத்து எந்தக் கவுன்டியில் என்று தெரிந்த பிறகு ரிட் வாங்குங்கள். போன் எடுக்காத அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பி, சேர்ந்ததற்கான ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பணம் முழுவதும் வந்த பிறகு, 'கணக்குத் தீர்ந்தது' என்று கோர்ட்டில் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அதை ஷெரிஃப் செய்ய மாட்டார், நாம்தான் செய்ய வேண்டும். என்னுடையது போன வாரம் போய்விட்டது. சோபா இன்னும் வாங்கவில்லை.